ரெஜினாக்காவும் மை படாத விரல்களும்

செய்தி வந்தபோது நான் என் அச்சுக் கடையில் கல்யாணப் பத்திரிகை வெட்டிக்கொண்டிருந்தேன். ரெஜினாக்காவின் மகள் டிலானி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அண்ணே, அம்மா போயிட்டாங்க. காலையில. நான் இப்பதான் பஸ் ஏறினேன்." அவ்வளவுதான். அவளுடைய குரலுக்குப் பின்னால் பஸ் நடத்துநர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். நான் அதைக் கேட்டுவிட்டு மிச்சமிருந்த பத்திரிகைகளை வெட்டி முடித்தேன். ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்திக் கட்டினேன். மணமகளின் அப்பா வந்து வாங்கிக்கொண்டு, நிறம் நன்றாக வந்திருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் கடையைச் சாத்த வேண்டும் என்று தோன்றியது.

அழுகை வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. குளிரில் விறைத்த கையால் பொருளைப் பிடிப்பதுபோல அந்தச் செய்தியைப் பிடித்திருக்கிறேன். கையில் இருப்பது தெரிகிறது, அதன் சூடோ கனமோ தெரியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தபால்பெட்டி அக்கா என்றால்தான் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டிப் பக்கம், கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். மகள் சின்னவளாக இருக்கும்போதே வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனார். பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தார். வந்த பிறகு சாகும்வரை ஒரே விடயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள், போன இடத்தில் இருந்தபடியே தங்கள் வாக்கைப் போட வழி வேண்டும். அரசாங்க உத்தியோகத்தருக்குத் தபால் மூல வாக்கு இருக்கிறது. கொழும்பில் கடையில் நிற்கும் பையனுக்கு இல்லை. ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பிள்ளைக்கு இல்லை. வெளிநாட்டில் பிறர் வீட்டுச் சமையலறையில் நிற்பவளுக்கு இல்லவே இல்லை.

இந்த எண்ணம் அவருக்கு எப்படி வந்தது என்பதை ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். என் கடையில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். அவர் குவைத்தில் இருக்கும்போது கணவர் இறந்துபோனார். வேலை வீட்டுக்காரர்கள் விடாததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்து வந்த பிறகு முதல் தேர்தல் வந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு, அடையாள அட்டையோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயர் இல்லை. அதிகாரி இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் விலகி நில்லுங்கள் என்றார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள்.

பிறகு அலைந்து விசாரித்ததில் விடயம் தெரிந்தது. கணவர் இறந்த வருடம் வீட்டில் வாக்காளர் யாரும் இல்லை என்று, இடாப்பில் இருந்து அவருடைய பெயரோடு சேர்த்து இவருடைய பெயரையும் எடுத்துவிட்டார்கள். "அவரு பேர வெட்டினது சரி தம்பி. அவரு செத்துட்டாரு. என் பேர எதுக்கு வெட்டினாங்க? நான் ஊருல இல்ல, அவ்வளவுதானே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஏன் வரவில்லை என்று கேட்கும் குரல் அது. அவருடைய அப்பாவுக்கு வாக்குரிமை கிடைத்ததே நரை விழுந்த வயதில்தான். குடியுரிமை இல்லாமல் காலம் கடத்திய தோட்டத் தலைமுறை அது. முதல் வாக்குப் போட்டுவிட்டு வந்த நாளில் அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வலது கையை மட்டும் கழுவிக்கொண்டு, மை பூசிய இடது விரலைத் தூக்கிப் பிடித்தபடியே சாப்பிட்டார் என்று அக்கா சொன்னார். அப்படி வந்த ஒன்று, பெட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனதற்காகப் போய்விடுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

முதலில் எல்லோரையும் போல மனு எழுதினார். சிலதுக்குப் பதில் வந்தது, சிலதுக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்து, ஆள் உயரத்துக்கு மட்டை கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன். தபால்பெட்டி செய்யப் போகிறேன் என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை, கண்டியில் கலஹா, தெல்தோட்டை பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தபால்பெட்டி நின்றது. கடிதம் போடும் வாய்க்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. முன்னால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது: "காத்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் வாக்கைக் கொண்டுவர எனக்கு அனுமதி இல்லை."

கூட்டம் கூடியது. ஒரு பொலிஸ்காரர் வந்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பெட்டிக்குள்ளிருந்து சிங்களத்திலேயே பதில் வந்தது, தபால்பெட்டி சேர் என்று. இங்கே என்ன செய்கிறாய் என்றார். தபால் வரவில்லை, அதுதான் நிற்கிறேன் என்றார் அக்கா. சனம் சிரித்தது. பொலிஸ்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தனக்குத் தபால் வாக்கு இருக்கிறதே என்றார் அவர். சேருக்கு இருக்கிறது, சேரின் கூடப்பிறந்தவர்களுக்கு இருக்கிறதா என்று பெட்டி கேட்டது. தங்கை இத்தாலியில் என்று மெல்லச் சொன்னார். பிறகு, வாகனம் திரும்புகிற இடம் இது, அந்தச் சுவரோரமாக நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் கண்டி மழை கொட்டியது. மட்டை ஊறி, சிவப்புச் சாயம் உடுப்பெல்லாம் வழிய, விபத்தில் அடிபட்டவர்போல என் கடைக்குள் வந்தார். நான் பதறிப்போனேன். அவர் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "கோவமா கேட்டா ஒரு தடவதான் காது குடுப்பாங்க தம்பி. சிரிக்க வச்சுக் கேட்டா தெனமும் கேக்கலாம்." அடுத்த பெட்டியை விளம்பரப் பதாகைத் துணியில் நான் செய்துகொடுத்தேன். அது நனையவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் கண்டியைச் சுற்றி நிற்காத சந்தி இல்லை. அன்றிலிருந்துதான் நானும் இந்த வேலையில் சேர்ந்தேன். யாரும் என்னைச் சேரச் சொல்லவில்லை. மட்டை வெட்டப் போய் அப்படியே நின்றுவிட்டேன்.

சிரிக்க வைப்பது ஒன்று, ஆளை நேரில் போய்ப் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் அவர் செய்தார். எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார்கள். வாக்களிக்கப் போக லீவு கேட்டால் முதலாளி தருவதில்லை. ஹாஜியார் என்று எல்லோரும் சொல்லும் அந்த முதலாளிக்குச் சொந்த ஊர், கண்டிக்குப் பக்கத்து மடவளை. ஹாஜியார் வீட்டில் இருக்கும் நாள் பார்த்து, பையன்களின் அம்மாமாரில் இரண்டு பேரையும் என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா போனார். சண்டை நடக்கப் போகிறது என்று நான் நினைத்தேன். ஹாஜியார் எங்களை உட்காரவைத்து, உள்ளே சொல்லி இஞ்சிப் பிளேன்டீ தரச் செய்தார். அக்கா குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டுத்தான் பேசினார். போன தேர்தலுக்கு நீங்கள் ஊருக்கு வந்தீர்களா என்று கேட்டார். வந்தேன், வராமல் இருப்பேனா என்றார் அவர். அப்போது கடையை யார் பார்த்தது என்று அக்கா கேட்டார். ஹாஜியார் அந்த அம்மாமாரைப் பார்த்தார். அவர்களுடைய பிள்ளைகள்தான் பார்த்தார்கள்.

பிறகு அவர் சொன்னார்: "நீங்க சொல்றது நாயம்தான் தங்கச்சி. ஆனா எல்லாரும் ஊருக்கு வந்தா கடைய யாரு பாக்குற?"

"அதுக்குத்தான் ஹாஜியார், இருக்கிற எடத்துலேயே போடுற மாதிரி கேக்குறோம். அது வந்தா உங்க கடையும் நடக்கும், அவங்க வோட்டும் நடக்கும். எங்க பக்கம் வாங்க," என்றார் அக்கா.

அவர் வந்தார். அடுத்த தேர்தலுக்குப் பையன்களில் பாதிப் பேரைத் தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். மற்றப் பாதி கடையில் நின்றது. அந்தப் பாதியைச் சொல்லித்தான் பிறகு தனக்குத் தெரிந்த வியாபாரிகளிடம் எல்லாம் எங்கள் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். எங்களுக்கு எதிராக நிற்பார் என்று நான் நினைத்த மனிதர், கடைசிவரை எங்களோடு நின்றார். அக்காவின் அடக்கத்துக்கும் வந்திருந்தார்.

விரல்களின் கதை அதற்குப் பிறகு நடந்தது. வாக்குப் போட்டவர்கள் மை பூசிய சுண்டுவிரலைப் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் போடுவது இப்போது எல்லோருக்கும் வழக்கம். ஒரு தேர்தல் நாளில் டிலானி ஆடைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் தன் சுண்டுவிரலைப் படம் எடுத்து, "அம்மா, எனக்கு மை இல்ல" என்று விளையாட்டாக எழுதி அனுப்பிவிட்டாள். அக்கா அந்தப் படத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். வெறும் விரல். நுனியில் ஊசி ஏறி ஆறிய கரும்புள்ளி ஒன்று. இதைப் பெரிதாக அச்சிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். இப்படி இன்னும் வந்தால் என்று கேட்டார்.

வந்தன. குவைத்தில் தன்னோடு வேலை செய்த பெண்களுக்கு அவர் குரல் பதிவு அனுப்பினார். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். கொழும்பில் மாடிவீடுகளுக்குக் காவல் நிற்பவர்கள், கடைப் பையன்கள், லெபனானில் இருந்து ஒரு பிள்ளை என்று எங்கெங்கிருந்தோ விரல்கள் வந்து என் கணினியை நிறைத்தன. சவர்க்காரத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல். இஸ்திரிப்பெட்டி சுட்ட விரல். கடைக் கதவில் நசுங்கி நகம் கறுத்த விரல். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் போட்ட மருதாணி பாதி அழிந்த விரல். படம் தெளிவாக வரட்டும் என்று நான் விரலை மட்டும் வெட்டி எடுத்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். "கை எங்க இருக்குன்னு தெரியணும் தம்பி. சிங்க் தெரியட்டும், மெஷின் தெரியட்டும். எல்லாத்தையும் விட்டுடுங்க." அவர் சொன்னபடி எல்லாவற்றையும் முழுதாக அச்சிட்டேன்.

தேர்தல் முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, கலஹாவில் மாதா கோயில் வளவில் கயிற்றுக் கொடி கட்டி, உடுப்புக் காயப்போடும் கவ்விகளால் படங்களைத் தொங்கவிட்டோம். பெயர் எழுதவில்லை. திறந்துவைப்பதாகச் சொல்லி ஒரு கட்சிக்காரர், தனக்கு மாலை போட ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். மேடை இல்லை, எல்லோரையும் போல நடந்து பாருங்கள் என்று அக்கா சொல்லிவிட்டார். அவர் நடந்து பார்த்தார். பாதியில் நின்று ஒரு படத்தைத் திரும்பப் பார்த்தார். பிறகு ஆட்களோடு போய்விட்டார்.

மேல் தோட்டத்தில் இருந்து வந்த ஒரு அம்மா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், லெபனான் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "இது எங்க புள்ளயோட கை," என்றார். எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். சின்ன வயதில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வெட்டிய தழும்பைக் காட்டினார். மகள் போய்ப் பல வருடம். படத்தில் விரலுக்குப் பின்னால் ஒரு பெரிய அடுப்பும் வெள்ளை ஓடு பதித்த சுவரும் தெரிந்தன. அந்த அம்மா விரலைத் தொடவில்லை. அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். எங்கே வேலை செய்கிறாள் என்று இன்றுதான் பார்க்கிறேன் என்றார். அக்கா கவ்விகளைக் கழற்றி அந்தப் படத்தை அவரிடமே கொடுத்தார். அன்று அக்கா அழுதார். நான் பார்த்த ஒரே தடவை அதுதான்.

அந்தப் படங்கள் கண்டிக்கு வந்தன, கொழும்புக்குப் போயின. ஒரு மண்டபத்தில் அதிகாரிகள் சிலர் பார்த்தார்கள். அக்காவைப் பேச விட்டார்கள். இடாப்பில் செத்தவர்களின் பெயரைத்தான் வெட்ட வேண்டும், ஊரில் இல்லாதவர்கள் செத்தவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். குறித்துக்கொண்டார்கள். பேசுகிறோம் என்றார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் வரவில்லை. வந்துவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை.

கடைசித் தேர்தலின்போது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல் சேர்த்திருந்தார்கள். திரும்பி வந்து பெயரை மறுபடி பதிந்ததில் இருந்து ஒரு வாக்கையும் தவறவிடாதவர். அன்று காலையில், ஓட்டோவில் போய்விட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். ஒட்சிசன் இல்லாமல் வெளியே விட முடியாது என்று அவர் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார். அது உண்மையும்கூட. நோயாளிக்கும் தபால் வாக்கு இல்லை.

நான் வாக்குப் போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். போட்டீர்களா என்று கேட்டார். கையைக் காட்டினேன். என் விரலைப் பிடித்து, மை நகத்தடியில் இறங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். நல்லா வச்சிருக்காங்க என்றார். அப்போது அவர் தன் கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தார். ஊசி ஏற்றிய குழாய் புறங்கையில் பிளாஸ்டரோடு இருந்தது. "எடுங்க தம்பி. கட்டிலும் தெரியட்டும்," என்றார்.

எடுத்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா கவனித்துக்கொண்டிருந்தார். அவரும் அன்று வாக்குப் போட முடியாதவர்தான். அக்கா மூச்சு வாங்கி வாங்கி அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் சுண்டுவிரலையும் நீட்டினார். அதற்கடுத்த கட்டிலும் கேட்டது. தபால் மூலம் எப்போதோ வாக்களித்துவிட்ட ஒரு தாதி, என் தொலைபேசியை வாங்கி, ஆண்கள் விடுதிப் பக்கம் போய் எடுத்துக்கொண்டு வந்து தந்தார். அக்கா அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, இவர்களை நாம் நினைக்கவே இல்லையே என்றார். அதற்குப் பிறகு தூங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சில வாரம் இருந்தார். பிறகு டிலானியின் குரல் பதிவு வந்தது.

அடக்கத்தன்று அக்காவின் லயத்து வீட்டு வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. டிலானி, பஸ் ஏறி வந்த வேலை உடுப்பிலேயே இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். நான் ஆறுதல் சொல்ல வாய் திறப்பதற்கு முன்னால் அவள் சொன்னாள்: "அண்ணே, அம்மா செத்ததுக்கு ஒடனே லீவு குடுத்துட்டாங்க." அதில் குறை சொல்வதுபோல ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். நான் சரி என்றேன்.

குவைத்தில் இருந்த பெண்கள் காணொளியில் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். தொலைபேசியைப் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. சாமியார் செபம் சொல்லி முடிக்கும்வரை கையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். ஒருத்தி யாருக்கும் தெரியாமல் குளியலறைக்குள் நின்று பார்த்தாள். எல்லோரும் அழுதார்கள். "அண்ணே, கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்று ஒரு குரல் கேட்டது. நான் கிட்டப் போய்க் காட்டினேன். என் கண்ணுக்குச் சவப்பெட்டி தெரிந்தது, பூ தெரிந்தது, வெயில் தெரிந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. பெட்டியை இறக்கிய பிறகு கை வலிப்பதை மட்டும் உணர்ந்தேன்.

அவருடைய பதாகைத் துணித் தபால்பெட்டி இப்போது டிலானியிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படங்களை அச்சிட வேண்டும், இன்னும் செய்யவில்லை. அவற்றைத் திறந்தால் ஏதாவது தோன்றுமா என்றும் தெரியவில்லை. எனக்கென்று அவரிடம் இருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தெல்தோட்டைப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் கடவுச்சீட்டு நகல் எடுக்க வந்தாள். சவூதிக்கு வேலைக்குப் போகிறாளாம். நான் நகலை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்று என் வாய் தானாகக் கேட்டது: "தங்கச்சி, நீங்க இல்லாதப்போ வீட்டுல வோட்டுக்குப் பேரு பதிய வந்தா, உங்க பேரையும் சொல்லச் சொல்லி வச்சிருக்கீங்களா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவசரமில்லாமல், பதில் வரும்வரை நிற்கிற குரல். அது யாரிடம் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.

அந்தப் பெண் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இல்ல அண்ணே. அப்பிடி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலையே," என்றாள்.

கதிரையை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னேன்.